ஏழாம் எண் உறைபெட்டி

இரவு மூன்று பத்துக்குக் கைபேசி கத்தியது:
ஏழாம் எண் உறைபெட்டிக்குக் காய்ச்சல்.
மைனஸ் எண்பதில் கிடக்க வேண்டியது
மைனஸ் அறுபத்தெட்டில் புழுங்குகிறது.

கயானியில் அன்று வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
இமையோடு இமை ஒட்டிக்கொள்ளும் குளிர்.
போதாது.
பின்லாந்தின் ஜனவரி முழுவதையும் அள்ளிக் கொட்டினாலும்
இந்த ரத்தத்துக்கு அது கோடை.

காவலாளி ஹன்னு உலர்பனி மூட்டைகளைச் சுமந்து வந்தான்.
நான் இரட்டைக் கையுறை மாட்டிக்கொண்டேன்.
நூற்று நாற்பது தட்டுகள், தட்டுக்கு நூறு குப்பி,
ஏழிலிருந்து பன்னிரண்டாம் பெட்டிக்கு.
ஒரு தட்டு நாற்பது நொடிக்கு மேல்
வெளிக்காற்றைப் பார்க்கக் கூடாது.

எல்லாம் தொண்ணூற்றிரண்டில் எடுத்தது.
மரம் வெட்டுகிறவர்கள், பால்பண்ணைக்காரர்கள், பள்ளிச் சமையற்காரிகள்.
ஐம்பதைத் தாண்டுமுன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு
ஆண்கள் விழுந்துகொண்டிருந்த வட்டாரம்.
வெண்ணெய் என்றார்கள், சிகரெட் என்றார்கள்,
இரண்டையும் விட்டவர்களும் விழுந்தபோது
கையை நீட்டச் சொன்னார்கள்.

நீட்டியவர்களில் என் அண்ணன் ரெய்யோவும் ஒருவன்.
இருபத்தாறு வயது, வெறும் வயிறு.
முடிந்ததும் ஏலக்காய் பன் மூன்று தின்றான்.
அடுத்து நான். எனக்குத் தட்டில் தூள்தான் மிஞ்சியது.

நாற்பத்தொன்பதில், பனிச்சறுக்குத் தடத்தில்,
ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக
அவனைக் கண்டெடுத்தார்கள்.

இந்தப் பெட்டியில்தான் இருக்கிறான்.
எந்தத் தட்டு என்று தெரியாது.
குப்பிகளுக்குப் பெயர் கிடையாது, பட்டைக்கோடுதான்.
கோட்டையும் பெயரையும் சேர்க்கும் சாவி
ஹெல்சின்கியில், யாரோ ஒருவர் பொறுப்பில்.
இருபத்தாறு வயது ரத்தம் அது.
செய்தி இன்னும் அதற்குப் போய்ச் சேரவில்லை.

தானாடாவிட்டாலும் தன் சதையாடும் என்பது பொய்.
எண்பத்தாறாம் தட்டைத் தூக்கினேன், எண்பத்தேழைத் தூக்கினேன்,
ஒன்றும் ஆடவில்லை.
விரல் விறைத்தது, அவ்வளவுதான்.

நிலமென்றால் அப்பா பாகம் பிரித்துக் கொடுத்தார்:
ஏரிக்கரை அவனுக்கு, பிர்ச் காடு எனக்கு,
கல் நட்டு, கையெழுத்து வாங்கி.
இதற்குக் கல்லும் இல்லை, பத்திரமும் இல்லை.
ஆய்வறிக்கையைப் படித்திருக்கிறேன்:
மரபணுச் சரம் நெடுக நூற்றுச் சொச்சம் இடங்கள்,
ஒவ்வொன்றிலும் ஆபத்து ஒரு சிட்டிகை,
இங்கே நாலு விழுக்காடு, அங்கே ஆறு.
எது அவனுக்கு விழுந்தது, எது எனக்கு?
சிட்டிகையைப் பிடித்துக்
கூண்டில் ஏற்ற முடியுமா?

ஐந்தரைக்கு ஒரு குப்பி நழுவியது.
மூடி தெறித்துத் தரையில் உருண்டது
வைக்கோல் நிறத்தில் ஒரு துண்டுப் பனி.
சிவப்புக்கூட இல்லை.
பார்க்கப் பார்க்க நீராயிற்று.
ஹன்னு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதிவேட்டில் எழுதினேன்: எண், நேரம், இழப்பு ஒன்று.
காரணம்: கை.
யாருடையது என்ற கட்டம்
அந்தப் படிவத்தில் இல்லை.

எட்டு மணிக்கு எனக்கே முறை.
பழைய ஆட்களை மறுபடி அழைக்கிறார்கள்.
இரவு பத்துக்குப் பிறகு தண்ணீர் தவிர எதுவும் ஆகாதென்று கடிதம்.
நாலு மணிக்கு ஹன்னு நீட்டிய காப்பியை
மோந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தேன்.

புதிய பெண், பெயர் ஊனா, கேள்வித்தாளை வாசித்தாள்.
நெருங்கிய உறவில் இதயநோய், உண்டா இல்லையா?
உண்டு என்றேன்.
அப்பா, சித்தப்பா, ரெய்யோ என்று தொடங்குமுன்
கட்டத்துக்குள் ஒரு டிக் போட்டு
அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.
குறை சொல்ல மாட்டேன். கட்டம் அவ்வளவுதான்.

கையை நீட்டினேன்.
பன் இருக்கிறதா என்று கேட்டேன்.
இப்போதெல்லாம் வாழைப்பழம் என்றாள்.